காகம் கறுப்பு நிறத்தைக் கண்டால் ஏன் துரத்துகிறது? அதற்கு நிறம் தெரியுமா?

நிறம் நன்றாகவே தெரியும், நம்மைவிடக் கூடுதலாகவே. நம் கண்ணில் நிறம் பிரித்தறிய மூன்று வகைக் கூம்பு செல்கள், காகத்துக்கு நான்கு. போதாததற்கு, அந்தச் செல்கள் பலவற்றில் வண்ண எண்ணெய்த் துளி ஒன்று வடிகட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் நமக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு நிறங்கள் அதற்கு வேறுவேறாகத் தெரியலாம்.

ஆனால் துரத்துவதற்குக் காரணம் வெறும் நிறம் இல்லை. எனக்கே நடந்தது. துவைத்த கறுப்புச் சட்டையைப் பிழிந்து, கையில் தொங்கவிட்டபடி மொட்டைமாடிக்குப் போனேன். எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை, இரண்டு காகங்கள் கத்திக்கொண்டே தலையை உரசுகிற மாதிரி பறந்தன, ஒன்று பின்மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. இரண்டு நாள் கழித்து அதே சட்டையை உடுத்திக்கொண்டு அதே மாடிக்குப் போனேன். மரத்திலிருந்து பார்த்தன, அவ்வளவுதான்.

அப்புறம்தான் கான்ராட் லோரென்ஸ் எழுதியதைப் படித்தேன். பறவைகளின் நடத்தையை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரியர். ஜாக்டா என்கிற சிறிய காக இனத்தைக் கூடவே வளர்த்தவர். நீந்திவிட்டு வந்து, ஈரமான கறுப்பு நீச்சல் உடையைப் பையிலிருந்து எடுத்ததும், அவரிடம் அத்தனை பழகிய பறவைகளே அவர் கையை வலிக்க வலிக்கக் கொத்தின. அவர் வைத்திருந்த பெரிய கறுப்புக் கேமராவை அவை கண்டுகொள்ளவில்லை. அதிலிருந்து உருவிய கறுப்புக் காகிதம் காற்றில் படபடத்ததும் கத்த ஆரம்பித்துவிட்டன. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: இறகு முளைக்காத குஞ்சைக் கையில் எடுத்தால் தாய்ப்பறவைகள் ஒன்றும் செய்யாதாம். அதே குஞ்சுக்கு இறகு விரிந்து உடம்பு கறுத்த பிறகு தொட்டால் பாய்ந்து வருமாம்!

அதாவது ஏதோ ஒரு உயிரின் பிடியில் கறுப்பாக ஒன்று தொங்கி ஆடினால், தன் இனத்தில் ஒன்று மாட்டிக்கொண்டது என்று அவற்றுக்குத் தோன்றுகிறது. ஜாக்டாவுக்குச் சொன்னது இது என்றாலும், மாடியில் நான் பட்டதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கூடு கட்டும் பருவத்தில் மரத்தடியில் போகும்போது கறுப்புப் பையையோ துணியையோ கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். உடுத்தியிருக்கும் கறுப்புச் சட்டைக்காகப் பயப்பட வேண்டாம். காகம் ஆளை அடையாளம் வைப்பது முகத்தை வைத்துத்தான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் மார்ஸ்லஃப் குழு 2006இல் ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து வளையம் மாட்டிவிட்டது. அதன்பின் யார் அந்த முகமூடியோடு நடந்தாலும், ஆண்டுகள் கழித்தும், அவை கூடிக் கத்தின.

‘காகத்துக்கு மஞ்சள் ஆகாது’ என்பதும் பாதி உண்மைதான். ஜப்பானில் குப்பையைக் காகம் கிளறாமல் இருக்க மஞ்சள் பைகள் செய்தார்கள். அதில் வேலை செய்வது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமி. உள்ளே இருப்பது காகத்தின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சாதாரண மஞ்சள் பை வாங்கி மாட்டினால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, காகம் ஏன் கறுப்பு? மெலனின்தான், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே நிறமி. இறகில் அது நிறையச் சேர்ந்தால் இறகு உறுதியாகும், சீக்கிரம் தேயாது, இறகைத் தின்னும் பாக்டீரியாவும் எளிதில் அரிக்காது. கறுப்பு என்று நாம் சொல்வதே முழுதாகச் சரியில்லை. காலை வெயிலில் அண்டங்காக்கையின் முதுகைப் பாருங்கள், நீலமும் ஊதாவும் ஓடும். மெலனின்மேல் படிந்த மெல்லிய கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் அதே புரதம்) படலத்தின் மேற்புறமும் அடிப்புறமும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்வதால் வரும் பளபளப்பு அது. வீட்டுக் காகத்துக்குக் கழுத்து சாம்பல். குஞ்சுக்கு வாய்க்குள் சிவப்பு.

எப்போதாவது சிறகில் வெள்ளைப் பட்டையோடு ஒரு காகம் தென்பட்டால் நோய் என்று விரட்டாதீர்கள். வளரும்போது சத்தான தீனி கிடைக்காதவற்றுக்கு இறகு அப்படி வெளுப்பது உண்டு. நான் ஒன்றைச் சில வாரம் கவனித்தேன். கறுத்த இறகெல்லாம் முழுதாக இருந்தது, வெளுத்த இடம் மட்டும் நுனி பிய்ந்து நார்நாராகிவிட்டது. அதோடுதான் பறந்துகொண்டிருந்தது.