குதிரையைத் தினமும் தேய்த்துவிடத்தான் வேண்டுமா?

வணக்கம் ஐயா,

குதிரை வளர்ப்பு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஐந்து மாதமாக என்னிடம் ஒன்பது வயதுப் பெண் குதிரை இருக்கிறது. பகலில் மேய்ச்சல், இரவில் லாயம். தினமும் காலையில் அரைமணி நேரம் தேய்த்துவிடுகிறேன். பல வருடமாகக் குதிரை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார். "காட்டுக் குதிரைக்கு யார் பிரஷ் போட்டார்கள்? சேணம் வைக்கும் இடத்தைத் துடைத்தால் போதும், மற்றதெல்லாம் அழகுக்குத்தான்" என்கிறார். தினமும் தேய்ப்பது உண்மையிலேயே அதன் உடம்புக்கு நல்லதா? அதோடு தினமும் குளிப்பாட்டலாமா? இன்னொன்று, பத்து நாளாக வயிற்றுப் பக்கம் பிரஷ் போனாலே காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. கூச்சம், அதட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதட்டலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் அவசரம். அதட்டாதீர்கள். நாலரை மாதம் பேசாமல் நின்ற குதிரை திடீரென்று கடிக்க வருகிறதென்றால் அது கூச்சம் இல்லை. கூச்சமாக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், சேண வார் உரசும் இடத்தில், பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். காய்ப்பு, புண், வீக்கம், உண்ணி ஏதாவது இருக்கலாம். எதுவும் தட்டுப்படவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரைப்பையில் புண் உள்ள குதிரையும் வார் இறுக்கும்போதும் வயிற்றைத் தொடும்போதும் இப்படி முறைக்கும். அதட்டினால் காதை மடக்குவது நின்றுபோகும், வலி நிற்காது. பிறகு ஒருநாள் காதை மடக்காமலேயே உதைக்கும்.

சரி, உங்கள் நண்பர் விஷயம். அவர் சொல்வதில் பாதி உண்மை. மண்ணில் புரண்டு, மரத்தில் உரசி, தன் தோலைப் பார்த்துக்கொள்ள குதிரைக்குத் தெரியும். ஆனால் காட்டுக் குதிரையை யாரும் தேய்த்துவிடுவதில்லை என்பது சரியில்லை. இன்னொரு குதிரை தேய்த்துவிடுகிறது. இரண்டும் எதிரெதிராக நின்று, ஒன்றின் பிடரி முடிந்து முதுகு மேடேறும் இடத்தை மற்றது பல்லால் வறட்டு வறட்டென்று சொறிந்துவிடும். அந்த இடத்தை மனிதன் சொறிந்துவிட்டாலும் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீங்களும் பார்க்கலாம்: சரியான இடத்தில் தேய்த்தால் மேலுதடு நீண்டு, அதன் நுனி துடிக்கும்.

பளபளப்பு பற்றி ஒரு வார்த்தை. அது பிரஷ்ஷிலிருந்து வருவதில்லை, தோலில் சுரக்கும் எண்ணெயிலிருந்து வருகிறது. ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து அழுக்கையும் உதிர்ந்த மயிரையும் கிளப்பிவிட்டு, பிரஷ்ஷால் மயிர் படியும் திசையில் இழுத்தால் அந்த எண்ணெய் மயிர் முழுக்கப் பரவும். ரத்த ஓட்டம் பெருகும் என்றெல்லாம் சொல்வார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் ரப்பர் சீப்பு வேண்டாம், அங்கே தோலுக்கு அடியில் எலும்புதான். சேறு ஈரமாக இருந்தால் காயவிட்டுத் தேயுங்கள்.

நான் தினமும் தேய்க்கச் சொல்வது இதற்காக இல்லை. கைக்காக. வலது கையில் பிரஷ் போகும்போது இடது கை அதன் பின்னாலேயே வெறுமனே போகட்டும். ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு அந்த உடம்பு மனப்பாடமாகிவிடும். எந்தக் காலில் பழைய தழும்பு, எந்தத் தசைநார் கொஞ்சம் தடிப்பு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள். அதற்கப்புறம் புதிதாக ஒரு சூடு, ஒரு வீக்கம் வந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே கை கண்டுபிடித்துவிடும். குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்க ஓரத்தில் நாடி ஓடும். நல்ல நிலையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரல் வைத்ததுமே துள்ளினால், குளம்பும் சுட்டால், அன்றே மருத்துவர் வர வேண்டும். குளம்பின் உள்ளே அழற்சி தொடங்கியிருக்கலாம். வாரம் ஒருமுறை தொடுகிறவருக்கு எது வழக்கமான சூடு என்றே தெரியாது. முன்னங்கால் மயிரில் மஞ்சள் பொட்டாக ஒட்டியிருக்கும் ஈ முட்டைகளும் இப்படித்தான் கண்ணில் படும். சுரண்டி எடுக்காவிட்டால் குதிரை அதை நக்கும், புழு இரைப்பைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிரஷ் ஒருநாள் தவறலாம். குளம்பு தவறக் கூடாது. லாயத்தில் இரவெல்லாம் சாணத்திலும் மூத்திரத்திலும் நிற்கிற கால் அது. குளம்பின் அடியில் அம்பு முனைபோல ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதன் இரண்டு பக்கமும் பள்ளம். கொக்கியைக் குதிகாலிலிருந்து முன்னோக்கி இழுத்து அந்தப் பள்ளங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். இதை எழுதுகிற நானே ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். என் குதிரைக்குப் பின்னங்கால் ஒன்றைத் தூக்கப் பிடிக்காது. அதோடு மல்லுக்கட்டச் சோம்பல்பட்டு, மற்ற மூன்றையும் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். மேலே உடம்பெல்லாம் கண்ணாடிபோல மின்னும். லாடம் கட்டுகிறவர் வந்து அந்தக் காலைத் தூக்கியதும் அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. உள்ளே கறுப்பாகக் கசிவு. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் குதிரையின் பளபளப்பை ஒருமுறை பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

தினமும் குளிப்பாட்டவே வேண்டாம், அதிலும் ஷாம்பூ போட்டால் அந்த எண்ணெய்தான் முதலில் போகும். வியர்த்து வந்தால் வெறும் தண்ணீரில் அலசி வழித்துவிடுங்கள், போதும். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், காலைத் தினமும் கழுவினால் குளம்புக்குக் கெடுதல் என்று எழுதிவைத்திருக்கிறார். வயிற்றை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்தால் தொல்லை தருபவைதான் அங்கே கூடும் என்பதும் அவர் சொன்னதே.

அப்புறம், உங்கள் பிரஷ் உங்கள் குதிரைக்கு மட்டும். நண்பருக்கு இரவல் கொடுக்காதீர்கள், படர்தாமரை அப்படித்தான் லாயம் விட்டு லாயம் போகும். மூக்கைச் சுற்றியுள்ள நீள மீசை மயிரை அழகுக்காக வெட்டவும் வேண்டாம். முகத்துக்கு நேர் கீழே குதிரைக்குக் கண் தெரியாது, அந்த மீசையால்தான் தடவி அறிகிறது. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலையிலிருந்து போட்டிக் குதிரைகளுக்கே அதைத் தடை செய்துவிட்டது.

நாளைக் காலையில் வயிற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முதுகு மேட்டைச் சொறிந்துவிட்டு, கழுத்து ஓரமாக நின்று, வெறும் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் காது மடங்குகிறது, இடது பக்கமா வலது பக்கமா என்று குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். எனக்கும் ஒருவரி எழுதுங்கள்.