மேயர் சொந்தக் காசில் தர்மம் செய்தால் அவர் நல்ல மேயரா?

உங்கள் ஊர் மேயர் பிறந்தநாளுக்கு அரிசிப் பொதி கொடுக்கிறார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறார், இதை வைத்து அவரை நல்ல மேயர் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு கிராமத்தில் மாதர் சங்கப் பொருளாளராகப் பத்து வருசத்துக்கு மேல் இருக்கிறேன். கடிதமும் கையுமாக, கிராமப்பக்கத்து உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை வாசலில் நின்ற நாட்கள் ஏராளம். அங்கே கண்டதை வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்று. வன்னியில் மேயர் என்று அழைக்க வவுனியாவில் மட்டும்தான் ஆள் உண்டு. அங்கே நகர சபை மாநகர சபையாகி, 2025 மே 6இல்தான் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. மற்றக் கிராமங்களில் எங்களுக்குப் பிரதேச சபைத் தலைவரான தவிசாளர்தான் எல்லாம்.

அந்த ‘எல்லாம்’தான் பிரச்சினை. வீட்டுத்திட்டத்தில் பெயர் வரவில்லை, அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணம் வெட்டுப்பட்டுவிட்டது, காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்று சனம் தவிசாளர் வீட்டுப் படலையில் போய் நிற்கும். இதெல்லாம் அரசாங்க அலுவலகமான பிரதேச செயலகத்தின் வேலை. செயலகம் வேறு, சபை வேறு என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. ஏ9 வீதியில் பள்ளம் விழுந்தாலும் ஏச்சு அவருக்குத்தான். அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதி. சபையின் கையில் உள்ளது ஊருக்குள்ளே போகும் ஒழுங்கைகள், தெருவிளக்கு, சந்தை, குப்பை, நூலகம், மயானம், கோடையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி மாதிரியானவை. ஆனாலும் சனம் படலைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. செயலகத்தில் இருப்பவர் இடமாற்றத்தில் வந்தவர், நாளைக்குப் போய்விடுவார். தவிசாளர் எங்கள் வோட்டில் வந்தவர். செத்தவீட்டிலும் கலியாண வீட்டிலும் எங்களோடு இருந்து சாப்பிடுகிறவர்.

அப்படி வருகிறவர்களில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு இல்லாதவர் இருப்பார், செத்தவீட்டுச் செலவுக்கு வழியில்லாதவர் இருப்பார். சபைக் காசை எடுத்து நீட்ட முடியாது. பாதீட்டில் (வரவு செலவுத் திட்டத்தில்) இல்லாத செலவுக்குக் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டும். அதனால் தன் பொக்கற்றுக்குள் கையை விடுவார், இல்லாவிட்டால் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற ஊர்க்காரருக்கு அழைப்பு எடுப்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த ஆயிரம் ரூபாய்தான் ஒரு உயிர்.

எனக்குப் பொறுக்காதது அதைக் கொடுக்கிற விதம். 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். கையேந்தி வாங்குவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சில வருசத்துக்கு முன் ஒரு நிகழ்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பள்ளிப் பையோடு மேடையில் நிறுத்தினார்கள். படம் எடுத்தவர், “பையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ பிள்ளை, அன்பளிப்புச் செய்தவையின்ர பேர் தெரியேல்லை” என்றார். பிள்ளை உயர்த்தியது. பை அதன் முகத்தை மறைத்தது. திரும்பவும் இறக்கச் சொன்னார்கள். அந்தப் புதுப் பையை அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. பிடி அறுந்த பழைய பையைத் தாய் தைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளித்தான் இருக்கிறார்கள், தினமும் பார்த்தேன்.

வேறொரு தவிசாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவணி மாதம் எங்கள் பக்கம் கிணறுகள் வற்றும், சிலது உவர் தட்டும். சபைப் பவுசர் வாரத்தில் இரண்டு நாள் வரும். வேலியோரம் தண்ணீர் பிடிக்க நீலப் பரல்களை (பீப்பாய்களை) வரிசையாக வைப்போம். ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு அம்மாச்சி தனியாக இருந்தா. அந்தப் பக்கம் மணல், பவுசர் புதையும். ஓஸ் பைப் எட்டாது. ஆரும் பிள்ளைகள் நின்றால் குடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் தவிசாளர் மோட்டார் சைக்கிளில் வந்தவர், இறங்கி அந்த மணலில் நடந்தார், காலடியால் தூரத்தை அளந்தார். என்னைக் கூப்பிட்டு, “தங்கச்சி, ஐம்பது அடி காணுமோ?” என்று கேட்டார். அடுத்த முறை பவுசர் வந்தபோது பக்கத்தில் புது ஓஸ் ஒரு சுருள் கட்டியிருந்தது. சபையில் கேட்டு வாங்கினால் கோடை முடிந்துவிடும் என்று கடையில் தன் காசில் வாங்கினாராம். இதைச் சாரதி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாச்சி பரலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தண்ணீர் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தா.

அவர் அரிசியும் கொடுத்திருக்கிறார். ஆனால் நான் அவரை நல்ல தவிசாளர் என்று சொல்வது அந்த ஐம்பது அடிக்காகத்தான். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது சமைத்த சாப்பாடு பல இடத்திலிருந்தும் வந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒழுங்கை மதகில் அடைத்திருந்த மரக்குற்றியை இழுக்க ஒரு பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்). அதை இரவோடு இரவாக அனுப்ப அதிகாரம் உள்ள ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். சாப்பாட்டுப் பார்சலை யாரும் கொடுக்கலாம், அந்தப் பெக்கோவை எல்லாரும் அனுப்ப முடியாது.

சபையே இல்லாமல் இருந்தும் பார்த்துவிட்டோம். 2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்தது, காசில்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள், 2025 மே வரை உத்தியோகத்தர்களான சபைச் செயலாளர்மார்தான் நடத்தினார்கள். சம்பளம், குப்பை எல்லாம் ஓடியது. சந்தியில் விளக்கு எரியாமல் நாலு மாதம் கிடந்தபோது, ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளுக்காக யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. மனுக் கொடுத்தோம், பற்றுச்சீட்டுத் தந்தார்கள்.

ஆகவே உங்கள் மேயரை அரிசிப் பொதியை வைத்து மட்டும் அளக்க வேண்டாம். பாதீட்டுக் கூட்டம் வரும்போது எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு வைத்தார், வடிகால் வாய்க்காலைத் துப்புரவாக்குவது மழைக்கு முன்னமா பின்னமா, குப்பை வண்டி உங்கள் ஒழுங்கைக்குள் வருகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக நடந்து, அதற்கு மேலே அவர் சைக்கிளும் கொடுத்தால் கும்பிட்டு வாங்கலாம். படத்துக்கு நிற்கச் சொன்னால் மட்டும், பிள்ளையை நிற்கவிடாமல் நீங்கள் போய் நில்லுங்கள்.

அம்மாச்சி இப்போது இல்லை. ஓஸ் இன்னும் அந்தப் பவுசரில்தான் இருக்கிறது, வெடித்த இரண்டு இடத்தில் சைக்கிள் ரியூப் சுற்றியிருக்கிறார்கள். புதுத் தவிசாளருக்கு எங்கள் சங்கம் கொடுத்த முதல் கடிதம் அதை மாற்றித் தரச் சொல்லித்தான்.