கம்ப்யூட்டருக்கு மாறாத தனி அடையாள எண் தருவது எப்படி?
செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடையில் நாலு பில்லிங் கம்ப்யூட்டர்கள். எந்த பில் எதில் போட்டது என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். நாளைக்கு மாறவும் கூடாது. அதுதான் மெஷின் ஐடி.

டயர் மாற்றினாலும் லாரியின் சேஸிஸ் நம்பர் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த அளவு நம்பகமான பாகம் கிடையாது. நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க் எண்கள் பாகத்தோடு போய்விடும். சில மதர்போர்டுகளில் சீரியல் எண்ணே இருக்காது. எனவே குலுக்கலாக ஒரு 128 பிட் எண்ணை ஒரே ஒருமுறை உருவாக்கிச் சேமிப்பதே மேல். லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஈடிசி' ஃபோல்டரில் உள்ள 'மெஷின்-ஐடி' ஃபைல் இதற்குத்தான், அந்த எண் அதில் 32 எழுத்துகளாக இருக்கும். அதை அப்படியே வெளியே அனுப்பாமல், மென்பொருளின் பெயரோடு சேர்த்து ஹாஷ் செய்து, அதாவது மூல எண்ணைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத வேறொரு எண்ணாக மாற்றி அனுப்புங்கள்.

ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்ற கம்ப்யூட்டர்களில் போட்டால், அதாவது குளோன் செய்தால்தான் வம்பு, எல்லாவற்றுக்கும் ஒரே எண். குளோனுக்கு முன் அந்த ஃபைலைக் காலியாக்குங்கள். அடுத்த பூட்டில் புது எண் வரும்.

நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் ஐபி முகவரியே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டாலே அது மாறிவிடலாம்.