தாழ்மை வந்தால்தான் தேவன் கிட்டி வருவாரா?

வாசகர் கேள்விகளுக்கு ஆயரின் பதில்கள்

கேள்வி: ஐயா, நான் பல ஆண்டுகளாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். யாராவது பாராட்டினால் உள்ளுக்குள் மகிழ்ச்சி உண்டாகிறது. உடனே, பெருமை நுழைந்துவிட்டதே என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்படியும் தேவன் தூரத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. தாழ்மை வந்தால்தான் அவர் கிட்டி வருவாரா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்பான சகோதரி, தாழ்மையை முதலில் நாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ட பிறகே தேவன் நம்மிடம் வருவார் என்று எண்ணினால், நாம் வெளியே தள்ளிய சுயநீதி வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். தேவன் பெருமையுள்ளவர்களுக்கு எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை அளிக்கிறார் என்று யாக்கோபும் பேதுருவும் எழுதியிருப்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் யாக்கோபு அதைச் சொன்ன கையோடு, "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" என்றும் அழைக்கிறார் (4:8). அந்த அழைப்பைப் பெறுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: பாவிகள் என்றும் இருமனமுள்ளவர்கள் என்றும் அதே வசனம் அவர்களைக் குறிப்பிடுகிறது. தாழ்மையில் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் அவர் கூப்பிடவில்லை.

எருசலேம் ஆலயத்தோடு தொடர்புடைய இருவரை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது இங்கே உதவும். 16 வயதில் யூதாவின் சிங்காசனம் ஏறி 52 ஆண்டுகள் அரசாண்ட உசியா, தொடக்கத்தில் தேவனைத் தேடினவன். எருசலேமில் கோபுரங்களைக் கட்டினான். வனாந்தரத்தில் துரவுகளை வெட்டினான். வேளாண்மையில் பிரியமுள்ள அரசன் என்ற அரிய பெயரையும் வேதத்தில் பெற்றான். அவன் பலப்பட்டபோது அவனுடைய மனம் மேட்டிமையானது என்று 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த மேட்டிமை அவனை ஆலயத்தைவிட்டு விலகச் செய்திருந்தால் நமக்கு வியப்பில்லை. மாறாக, அது அவனை ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனது. ஆசாரியர்களுக்கு மட்டும் உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்ய அவன் துணிந்தான். பிரதான ஆசாரியன் அசரியாவும் 80 ஆசாரியர்களும் தடுத்தபோது கோபங்கொண்டான். நெற்றியில் குஷ்டரோகம் தோன்ற, மரணநாள் வரைக்கும் ஒரு தனி வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தான். பக்திக்குரிய செயலே பெருமைக்கு மேடையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சரித்திரத்தை நான் வாசித்ததில்லை.

அந்த உசியா மரணமடைந்த வருஷத்தில்தான், உயரமும் உன்னதமுமான சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கும் ஆண்டவரை ஏசாயா தீர்க்கதரிசி கண்டார். "ஐயோ! அதமானேன்" என்ற அவருடைய கதறல் அந்தக் காட்சியைக் கண்டதால் பிறந்தது. அதற்கு முன்பாக அவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளப் பயிற்சி எதுவும் செய்ததாக ஏசாயா 6-ஆம் அதிகாரம் சொல்லவில்லை. தேவனும் அவரை அந்தக் கதறலிலேயே விட்டுவைக்கவில்லை. பலிபீடத்து நெருப்புத்தழல் அவருடைய வாயைத் தொட்டது, பாவம் நிவிர்த்தியானது, அசுத்தமானவை என்று அவரே அறிக்கையிட்ட அந்த உதடுகள், சில வசனங்களுக்குள், "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்" என்று பேசத் தொடங்கின. தாம் தகுதியற்றவர் என்பதை இன்னும் ஒருமுறை நிரூபிக்க அவர் அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை.

இனி உங்கள் ஜெபத்துக்கு வருவோம். 'ஒன்றுக்கும் உதவாதவள்' என்பது உண்மைதானா? உங்களிடம் வசனம் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவன் உங்களைக்கொண்டு செய்ததை நடவாததுபோல் அவரிடமே சொல்வதில் தாழ்மை எங்கே இருக்கிறது? 'மாயமான தாழ்மை' என்று கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் எச்சரித்தாரே, அது நம்முடைய ஜெப அறைகளிலும் நடமாடக்கூடியதுதான். பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் எல்லாரிலும் தாம் சிறியவர் என்று 1 கொரிந்தியர் 15-இல் எழுதிய அவர், அடுத்த வசனத்திலேயே, அவர்கள் எல்லாரிலும் தாம் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகத் தயங்காமல் சொல்கிறார். சொல்லிவிட்டு, அது தாம் அல்ல, தம்முடனே இருக்கிற தேவகிருபையே என்று முடிக்கிறார். உழைப்பை அவர் மறைக்கவும் இல்லை, அதன் மகிமையைத் தமக்கு வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே பாராட்டு வரும்போது மகிழ்ந்து நன்றி சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்த மகிழ்ச்சியை ஸ்தோத்திரமாக ஏறெடுத்துவிட்டு, அடுத்த வாரப் பாடத்தை ஆயத்தம் செய்யுங்கள்.

தேவன் தூரமாகத் தோன்றுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் ஜெபிக்க வந்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) தூரத்தில்தான் நின்றான். கண்களை ஏறெடுக்கவும் துணியவில்லை. அவன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பினான் என்று ஆண்டவர் சொல்கிறார். அதை அவன் உணர்ந்தானா, வழிநெடுக அழுதுகொண்டே போனானா என்பதைச் சொல்லவில்லை. நெருக்கத்தின் உணர்வு சில நாட்களில் வரும், சில நாட்களில் வராது. தன்னையே அளந்து பார்க்கும் ஜெபத்தை நீங்கள் சில காலம் நிறுத்திவைத்து, சங்கீதம் 145-ஐ ஜெபமாக வாசித்துப் பாருங்கள். 'துதிப்பேன்' என்பதற்குமேல் தாவீது அதில் தன்னைப்பற்றிச் சொல்வது மிகக் குறைவு. முழுவதும் கர்த்தருடைய தயவையும் கிரியைகளையும் பற்றியது. அதன்பின் உங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அவரிடம் ஒப்புக்கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சேகரத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பிரிவில்) தேர்தல் வரவிருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு நிற்கும்படி சிலர் என்னை வற்புறுத்துகிறார்கள். தாழ்மையுள்ள விசுவாசி பதவியை நாடமாட்டான் என்று வீட்டில் தடுக்கிறார்கள். எது சரி, ஐயா?

பதில்: விலகி நிற்பது தாழ்மையாகவும் இருக்கலாம், பொறுப்புக்குத் தப்பும் வழியாகவும் இருக்கலாம். பார்வோனிடம் போகச் சொன்னபோது திரும்பத் திரும்பச் சாக்குச் சொன்ன மோசேயின்மேல் கர்த்தருக்குக் கோபமே மூண்டது (யாத்திராகமம் 4:14). அதே மோசேயைத்தான் எண்ணாகமம் 12, பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது. உடன்பிறந்தவர்களான மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாய்ப் பேசிய அந்தச் சமயத்தில், தமக்காக வாதாட மோசே வாய்திறக்கவில்லை. கர்த்தரே எழுந்து, அவனுடன் நான் முகமுகமாகப் பேசுகிறேன் என்று சாட்சி கொடுத்தார். மிகுந்த சாந்தகுணமும் தேவனோடு அத்தனை நெருக்கமும் ஒரே அதிகாரத்தில் ஒரே மனிதனைப்பற்றிச் சொல்லப்படுவதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. மோசே பொறுப்பை விட்டுவிலகவும் இல்லை. அப்படிப் பேசியதால் குஷ்டரோகியான மிரியாமுக்காகக் கெஞ்சி ஜெபித்தார்.

நீங்கள் நிற்கலாமா என்பதற்கு என் பதில் இது. தோற்றுப்போனால் அடுத்த ஞாயிறும் அதே இருக்கையில் வந்து அமர்ந்து, வென்றவருக்காக மனதார ஜெபிக்க உங்களால் முடியுமா? வென்றால், கணக்குக் கேட்கிறவரைப் பகைக்காமல் கணக்குக் காட்ட முடியுமா? முடியும் என்றால் நில்லுங்கள். ஆனால் சாதியைச் சொல்லியோ பணத்தைக் கொடுத்தோ வாக்குச் சேகரிக்கும் அணியில்தான் நிற்க முடியும் என்ற நிலை இருந்தால், வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். நம் சபைகளில் இந்த நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே.

கேள்வி: எனக்கு மூட்டுவலி. மருத்துவர் முழங்காலில் நிற்கக் கூடாது என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பது தேவனுக்கு முன்பாகத் தாழ்மைக் குறைவாகுமா?

பதில்: ஆகாது, அம்மா. ஆயக்காரன் நின்றான், சாலொமோன் முழங்காற்படியிட்டார், தாவீதோ கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்துதான், "நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?" என்று ஜெபித்தார் (2 சாமுவேல் 7:18). கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டருக்குப் பிந்திய பெந்தெகொஸ்தே காலத்து நாட்களிலும் எல்லாரும் முழங்காற்படியிடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று விதியே செய்திருக்கிறது. மருத்துவர் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.