கேள்வி-பதில்: தொப்பூர் இறக்கமும் சவுதி ரோலர் கோஸ்டரும்

கேள்வி: சவுதியில 250 கிலோமீட்டர் வேகத்துல ஓடுற ரோலர் கோஸ்டர் வந்திருக்காமே, அதுல ஏறுறதுக்குன்னே ஃப்ளைட் டிக்கெட் போட்டு போறவங்கள என்னன்னு சொல்றது? நம்ம தொப்பூர் கணவாய்ல நைட்டு பைக்க 120-ல இறக்குனா அதே த்ரில் பெட்ரோல் காசுல கிடைக்குதே?
(பாலக்கோடு வாசகர்)

பதில்: கிடைக்காதுங்க. 120-ன்னு மீட்டர்தான் சொல்லுது, உடம்புக்கு அது தெரியாது, ப்ளேன் 800-ல போறப்ப உள்ள உக்காந்து காபி குடிக்கிறாங்களே, யாராவது கத்துறாங்களா? வேகம் மாறுறதும் திசை மாறுறதும்தான் உடம்புக்கு உறைக்கும். நீங்க சொல்ற ஃபால்கன்ஸ் ஃப்ளைட், ரியாத் பக்கம் கித்தியாவுல 2025 கடைசி நாள் திறந்தாங்க, 195 மீட்டர் உயரம், நாலு கிலோமீட்டருக்கு மேல ட்ராக், 250 வேகம், எல்லாம் சரி. ஆனா ஆளு அலறுறது அந்த நம்பருக்காக இல்லீங்க, உச்சியில வண்டி கீழ திரும்பும், உடம்பு மட்டும் நேரா போகப் பார்க்கும், சீட்டுலேர்ந்து லேசா எழும்பும், குடல் தனியா மிதக்கும். ஏர்டைம்னு பேரு. கடைசி வரிசையில ஜாஸ்தி, ஏன்னா முன்னாடி பெட்டிங்க ஏற்கெனவே இறங்க ஆரம்பிச்சு நம்மள உச்சியிலேர்ந்து வெடுக்குனு இழுத்துடும்.

அப்போ ஏன் தூக்கி எறியல? மேல, பக்கத்துல, தண்டவாளத்துக்கு அடியிலன்னு மூணு பக்கமும் சக்கரம் கவ்வியிருக்கு, அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர்ங்கிற அமெரிக்க கோஸ்டர் டிசைனர் 1919-லயே பேடண்ட் வாங்கிட்டாரு.

நியூஜெர்சியில கிங்டா கான்னு ஒண்ணு இருந்துச்சு, 2005-ல வந்தது, 139 மீட்டர், மூணரை செகண்ட்ல 206 கிலோமீட்டர். சில சமயம் உச்சி வரைக்கும் ஏற முடியாம வண்டி அப்படியே பின்னாடி சரிஞ்சு வரும். தொப்பூர்ல ப்ரேக் போன லாரி ஞாபகம் வருதா? அங்க ஒண்ணும் ஆகாது, கீழ ட்ராக்குல காந்த ப்ரேக் தயாரா நிக்கும், உரசலே இல்லாம பிடிக்கும், கரண்ட் போனாலும் பிடிக்கும். நமக்கு அப்படி சரியாதான்னு ஏங்குன ரசிகர்களே இருந்தாங்கன்னா பாத்துக்கோங்க! 2025 பிப்ரவரியில வெடி வச்சு இடிச்சுட்டாங்க, பாவம்.

அங்க தப்பே நடக்காதுன்னு சொல்ல வரல. ஜப்பான்ல டோ-டோடோன்பா 1.56 செகண்ட்ல 180 தொட்ட வண்டி, ஏறுனவங்க சிலர் எலும்பு முறிஞ்சதா சொன்னாங்க, 2021-ல நிறுத்துனாங்க, அதுக்கப்புறம் அத ஓட்டவே இல்ல. தொப்பூர்ல எத்தன வண்டி கவுந்தாலும் மறுநாள் காலையில ரோடு திறந்துதான கிடக்கு?

உங்க பைக்க எதுங்க கவ்விப் பிடிச்சிருக்கு? டீசல் மிச்சம் பண்றேன்னு ரெட்டைப் பாலம் இறக்கத்துல நியூட்ரல்ல வர்ற லாரிக்காரர் நீங்க த்ரில் தேடி வந்திருக்கீங்கன்னு ஒதுங்கியா போவாரு? அவரும் வேணும்னு வரல, பின்னாடி வர்ற குடும்பமும் உங்க விளையாட்டுக்கு டிக்கெட் வாங்கல.

சவுதிக்கெல்லாம் போக வேணாம். ஓசூர் வழியா பெங்களூரு தாண்டுனா பிடதியில வொண்டர்லா, அங்க ரீகாயில்னு ஒரு ரைடு, தலைகீழா சுத்திட்டு போன வழியிலயே ரிவர்ஸ்ல திரும்பி வரும். உலக ரெக்கார்டு ஒண்ணும் கிடையாது, உங்க குடலுக்கு அது தெரியவா போவுது? பைக்க மட்டும் வீட்லயே விட்டுட்டு பஸ்ல போங்க.