இசை நாடகக் கல்வியில் பல பண்பாடுகளுக்கும் இடம் கிடைக்க தரவு அகழ்வு உதவுமா?

உதவும். தரவு அகழ்வு என்பது குவிந்துகிடக்கும் தகவல்களில் திரும்பத் திரும்ப வரும் போக்குகளைக் கணினியால் தேடுவது. எதைக் கற்பிப்பது என்று கணினி முடிவு செய்யாது. எது விடுபட்டிருக்கிறது என்று காட்டும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளான பிராட்வேயின் மேடையேற்றங்களை எழுதியவர், இசையமைத்தவர், நடித்தவர் விவரங்கள் இணையத் தரவுத்தளமாகவே கிடைக்கின்றன. ஒரு கல்லூரி தன் பழைய பாடத்திட்டங்களையும் மாணவர் நாடகங்களையும் அட்டவணையாக்கி இதோடு ஒப்பிடலாம். சூப்பர் மார்க்கெட் பில்களில் எந்தப் பொருள்கள் சேர்ந்தே வாங்கப்படுகின்றன என்று தேடும் அதே தொடர்பு விதி முறையை இங்கே ஓட்டினால், எந்த நாடகங்கள் வருடாவருடம் சேர்ந்தே வருகின்றன என்பது தெரிந்துவிடும். கறுப்பினக் கலைஞர்கள் எழுதி நடித்த ‘இன் டஹோமி’ (1903), ‘ஷஃபிள் அலாங்’ (1921) போன்றவை வரலாற்று வகுப்பில் ஒரு வரியோடு நின்று, பாட்டு வகுப்புக்கு வராமலே போயிருந்தால் அதுவும் தெரியும்.

அட்டவணையை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 1958இல் வந்த ‘ஃப்ளவர் டிரம் சாங்’ சீன அமெரிக்கர்களின் கதை. மூல நாவல் சீன அமெரிக்கரான சி. ஒய். லீ எழுதியது, இசையும் பாடல்களும் சீனர் அல்லாத ரோஜர்ஸ், ஹாமர்ஸ்டைன். ‘சீனப் பண்பாடு’ என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் கணக்கு பொய்யாகிவிடும். யாருடைய கதை, யார் எழுதியது, யார் நடித்தது என்று அட்டவணையில் மூன்று தனி நெடுவரிசைகள் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், பிராட்வே தரவு பிராட்வேயை மட்டும்தான் சொல்லும். சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனின் கான்டனீஸ் ஓபரா (தென்சீனாவின் மரபு இசை நாடகம்) அதற்கு வெளியே வளர்ந்தது. அதற்குப் பழைய செய்தித்தாள்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் தேடி, அந்தச் சமூகத்துக் கலைஞர்களையே வகுப்புக்கு அழைக்க வேண்டும்.