ஒரு முறை போட்ட ஊசியை உடல் எப்படி நினைவில் வைத்திருக்கிறது?

கேள்வி: 2011-ஆம் ஆண்டு வேலைக்காக நைஜீரியா சென்றபோது, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். இப்போது மீண்டும் ஆப்பிரிக்கா செல்ல இருக்கிறேன். பழைய ஊசியே ஆயுளுக்கும் போதும் என்கிறார்கள். சில நாட்களில் மறைந்துபோகும் வைரஸை உடல் இத்தனை காலம் எப்படி மறக்காமல் இருக்கும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியானதே. ஒரு தவணை ஆயுளுக்கும் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2013-இல் முடிவு செய்தது. 2016 ஜூலை 11 முதல் பழைய அட்டைகளும் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகின்றன. நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள், கர்ப்பகாலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் போன்ற சிலர் மட்டும் மறு தவணை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். (மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு, இது ஏடிஸ் கொசு பரப்பும் வைரஸ் நோய்.)

இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். மாக்ஸ் தைலரும் அவருடைய குழுவினரும் நியூயார்க்கில் கோழிக் கருவின் திசுக்களில் அதைத் திரும்பத் திரும்ப வளர்த்து, 1937-இல் 17டி என்ற வகையைப் பெற்றார்கள். அது உடலுக்குள் சில நாட்கள் பெருகி, இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்திலிருந்து முற்றிலும் மறைந்துவிடுகிறது. உண்மையான தொற்றைப் போலவே அது பெருகுவதால், உடலும் தன் படை முழுவதையும் திரட்டுகிறது. வைரஸ் புகுந்த செல்களைக் கண்டறிந்து அழிக்கும் சிடி8 டி செல்கள் பல மடங்காகப் பெருகி, ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில் உச்சத்தை எட்டுகின்றன. பிறகு அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோக, ஒரு சிறு பகுதி மட்டும் நினைவுச் செல்களாக எஞ்சுகிறது.

எஞ்சும் அந்தச் செல்கள் யாவை என்பதில்தான் நெடுநாள் விவாதம் இருந்தது. போரிடாமல் தனியே ஒதுக்கி வைக்கப்பட்ட செல்களா, போரிட்டு மீண்டவையா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபி அகமதின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்களுக்கு முதல் இரண்டு வாரங்கள் கன நீரை, அதாவது டியூட்டீரியம் என்ற எடை கூடிய ஹைட்ரஜன் கொண்ட நீரை, குடிக்கக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் பிரிந்து பெருகும் செல்களின் டி.என்.ஏ.வில் அதிலுள்ள டியூட்டீரியம் ஓர் அடையாளமாகப் பதிந்துவிடும். பின்னர் செல் பிரியப் பிரிய அந்த அடையாளம் நீர்த்துப்போகும். அமெரிக்காவில் இந்த நோய் பரவுவதில்லை என்பதால், புதிய தொற்று குறுக்கிட்டு நினைவைப் புதுப்பிக்கவும் வாய்ப்பில்லை. பல மாதங்கள், ஆண்டுகள் கழித்து எடுத்த இரத்தத்திலும் நினைவு டி செல்களில் அடையாளம் அழியாமல் இருந்தது. அதாவது, முதல் இரண்டு வாரங்களில் தீவிரமாகப் பெருகிப் போரிட்ட செல்களின் வழிவந்தவையே நினைவுச் செல்கள்; அதன்பின் அவை ஆண்டுக்கு ஒரு முறைகூடப் பிரியாமல் அமைதியாக வாழ்கின்றன.

எனக்கு மிகுந்த வியப்பளிப்பது இதற்கடுத்த கண்டுபிடிப்பு. வெளித்தோற்றத்தில் இந்தச் செல்கள் எந்த வைரஸையும் சந்திக்காத இளம் செல்களைப் போலவே மாறிவிடுகின்றன. ஆனால் வைரஸைத் தாக்கத் தேவையான மரபணுக்களோ பூட்டப்படாமல், உடனே இயங்கத்தக்க நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது: நினைவு நிலைக்க வைரஸ் உடலில் தங்கியிருக்க வேண்டியதில்லை, அந்தச் சந்திப்பின் தடம், செல்லின் மரபணுக்கள் பூட்டப்படாமல் வைக்கப்பட்டிருக்கும் விதத்திலேயே பதிந்துவிடுகிறது. இவற்றோடு எதிர்ப்புப் புரதங்களும் துணை நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கப் படைவீரர்களிடம், 30 ஆண்டுகளுக்குப் பின்னரும் அவை காணப்பட்டன.

கேள்வி: தட்டம்மைத் தடுப்பூசியும் உயிருள்ள வைரஸ்தானே? பின் ஏன் குழந்தைகளுக்கு இரண்டு தவணை?
– வாசகி, ஈரோடு

பதில்: முதல் ஊசியின் நினைவு மங்கிவிடும் என்பதற்காக அன்று. ஒன்பது மாதத்தில் போடும்போது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் சில குழந்தைகளிடம் இன்னும் எஞ்சியிருந்து, ஊசியிலுள்ள வைரஸைப் பெருகவிடாமல் தடுத்துவிடுகின்றன. அதனால் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்கே அப்போது பாதுகாப்பு உருவாகிறது. உங்கள் குழந்தை எஞ்சிய 15 பேரில் ஒன்றா என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. ஆகவே 16 முதல் 24 மாதங்களுக்குள் போடும் இரண்டாம் தவணையைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.